காலர் ரெண்டு பக்கமும் சுத்தும்

பி.காம் படிக்கிறவனுக்குக் கார் சஸ்பென்ஷனைப் பத்தி என்ன தெரியும்னு கேக்கப் போறவங்களுக்கு முதல்லயே பதில் சொல்லிடறேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் சத்தியமா ஒண்ணும் தெரியாது. பேலன்ஸ் ஷீட் டேலி ஆகலைன்னா எங்க தேடணும்னு தெரியும், அதுவும் பாதி நேரம்தான். இப்ப கொஞ்சம் தெரியும். தெரிஞ்சுக்க வேண்டிய நிலைமை வந்துச்சு. அதைச் சொல்லிட்டு, கூடவே ஒரு சண்டையும் போடலாம்னுதான் இது. சண்டை யாரோடன்னா, காரை இறக்குறதுதான் காருக்கு மரியாதைன்னு நினைக்கிற நம்ம செட்டோட. அதுல என் அண்ணனும் உண்டு, போன மாசம் வரைக்கும் நானும் உண்டு.

அண்ணன்னா கூடப் பிறந்தவன் இல்ல, பெரியம்மா பையன். திருப்பூர்ல வேலை. மூணு வருஷம் சம்பளத்துல மிச்சம் பிடிச்சு ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்கினான். ரெண்டாவது தலைமுறை மாடல், பெட்ரோல். வாங்கின அடுத்த தீபாவளிக்கு யாரோ கழட்டி வித்த காயில்ஓவர் செட் ஒண்ணை 32,000 ரூபாய்க்குப் பிடிச்சான். அதைப் பூட்டின நாள்ல இருந்து வண்டி நல்லாத்தான் போச்சு. கம்பெனி உயரத்தை விட ரெண்டு சென்டிமீட்டர்தான் கம்மி. பார்க்கவும் அம்சம், ஓட்டவும் அம்சம். நாங்க அங்கயே நிறுத்தியிருக்கணும்.

தெரியாதவங்களுக்காக: சாதாரண கார்ல ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே உயரத்துக்குன்னு முடிவு பண்ணி வந்திருக்கும். காயில்ஓவர்ல ஷாக்கோட உடம்பு பூரா மரை வெட்டியிருக்கும், நம்ம வீட்டுத் தண்ணிக் குழாய்ல இருக்குமே அந்த மாதிரி. அந்த மரையில ஒரு வளையம் ஏறி இறங்கும். அதுக்குப் பேரு காலர். ஸ்பிரிங் அந்தக் காலர் மேல உட்கார்ந்திருக்கும். காலரைக் கீழே இறக்கினா ஸ்பிரிங் இறங்கும், ஸ்பிரிங் இறங்கினா வண்டி இறங்கும். காலர் தானா நகராம இருக்க அதுக்குக் கீழே இன்னொரு வளையம், பூட்டு மாதிரி. ரெண்டையும் திருப்ப ஹூக் ஸ்பேனர்னு ஒண்ணு வரும், கொக்கி மூக்கு வெச்ச ஸ்பேனர். அவ்வளவுதான் சமாச்சாரம். கொஞ்சம் விலை கூடின செட்ல இன்னொரு வசதியும் உண்டு. ஷாக்கோட அடிப்பக்கம் வீலோட சேருற பிராக்கெட்டையே மரையில சுத்தி மொத்த ஷாக்கையும் நீட்டலாம், குறுக்கலாம். எங்க செட்ல ரெண்டும் இருந்துச்சு. இந்த ரெண்டாவது விஷயத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, கதையோட வில்லனே இதுதான்.

ஜூன் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கோயமுத்தூர்ல கார் பைத்தியங்கள் கொஞ்ச பேர் சேருறதா இருந்துச்சு. மாடிஃபை பண்ணின வண்டிகளை வரிசையா நிறுத்தி போட்டோ எடுத்துக்குவாங்க, டீ குடிப்பாங்க, கலைஞ்சு போவாங்க. அதுக்கு முந்தின நாள் ராத்திரி அண்ணன் எங்க வீட்டுக்கு வந்தான். கிணத்துக்கடவு பக்கம் எங்க ஊரு. வீட்டுப் பின்னால தேங்காய் போடுற ஷெட்டு. ஜாக்கி, ரெண்டு ஸ்டாண்டு, டார்ச் பிடிக்க நான்.

"எவ்வளவுண்ணா இறக்கறோம்?"

"டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல ஒரு விரல்தான் போகணும்."

இதுதான் எங்க இன்ஜினியரிங். ஒரு விரல். யார் விரல்னு கூட நிச்சயம் பண்ணலை :-)

முறைப்படி அடிப் பிராக்கெட்டைச் சுத்தியிருக்கணும். அந்த மரை பூரா செம்மண்ணும் துருவும் அடைச்சு, பூட்டு வளையம் அசையவே மாட்டேன்னுடுச்சு. ஸ்பேனர் வழுக்கி அண்ணன் முட்டி தேஞ்சதுதான் மிச்சம். மணி பதினொண்ணு. "விடுடா, மேல காலரையே இறக்கிடலாம், ரெண்டும் ஒண்ணுதான்"னான். முன்பக்கம் ரெண்டு காலரையும் 35 மில்லிமீட்டர் இறக்கினோம். பின்பக்கம் ஸ்விஃப்ட்ல ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அங்க ஸ்பிரிங்குக்கு அடியில வர்ற அட்ஜஸ்டரை இறக்கினோம். வீல் சென்டர்ல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வெச்சுப் பார்த்தா 355 இருந்தது 320 ஆயிடுச்சு. இதே மாடல் பக்கத்து வீட்டுல கம்பெனி உயரத்துலயே நிக்குது, அது 375. ஆக மொத்தம் ஐந்தரை சென்டிமீட்டர் கீழே. ஜாக்கியை இறக்கி, வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, டார்ச் அடிச்சுப் பார்த்தோம்.

பொய் சொல்ல மாட்டேன். அழகுன்னா அப்படி ஒரு அழகு. பூனை பாயறதுக்கு முன்னாடி பதுங்கி உட்காருமே, அப்படி இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை போட்டோ எல்லாம் அள்ளுச்சு. யாரோ வந்து "என்ன ரேட் ஸ்பிரிங் ப்ரோ"ன்னு கேட்டாங்க, அண்ணன் தோள் ரெண்டு இஞ்ச் ஏறிடுச்சு. வண்டி இறங்க இறங்க ஆள் ஏறுவாங்க போல.

அஞ்சு வாரம் அப்படியே ஓடுச்சு. நடுவுல அம்மிச்சி திண்ணையில இருந்து இறங்கும்போது வழுக்கி உட்கார்ந்துட்டாங்க. வெளிய காயம் எதுவும் இல்லை. படம் எடுத்துப் பார்த்தா முதுகெலும்புல ஒரு கட்டை நசுங்கியிருக்கு. வயசு எழுபத்தெட்டு, எலும்பு தேஞ்சு போயிருக்கு, ஆபரேஷன் வேண்டாம், பெல்ட் போட்டுப் படுக்கணும், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை காட்டணும்னு டாக்டர் சொன்னார். "குலுங்காமக் கூட்டிட்டு வாங்க"ன்னும் சொன்னார். முதல் தடவை மாமா வண்டியில போனாங்க. ரெண்டாவது தடவை மாமா ஊர்ல இல்ல. அண்ணன் நான் வர்றேன்னு லீவு போட்டுட்டு வந்தான். அம்மிச்சின்னா அவனுக்கு உசிரு.

முன் சீட்டைச் சாய்ச்சு அம்மிச்சியை உட்கார வெச்சோம். முதல் சிக்கல் அங்கயே ஆரம்பிச்சுது. வண்டி அவ்வளவு கீழே இருக்கிறதால அவங்க உட்காரலை, விழுந்தாங்கன்னுதான் சொல்லணும். நானும் அம்மாவும் பின்னால. எங்க ஊர்ல இருந்து பொள்ளாச்சி மெயின் ரோடு போய்ச் சேர்றதுக்குள்ள ஆறு வேகத்தடை. அண்ணன் ஒவ்வொண்ணுலயும் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தி, குறுக்கால ஏத்தி, அங்குலம் அங்குலமா இறக்கினான். அப்படியும் ஒவ்வொண்ணுலயும் முன்னாடி வீல் இறங்கும்போது ஒரு "டொக்". சத்தம் பெருசு இல்ல, ஆனா கெட்டியா இருக்கும். சம்மட்டியால கல்லுல தட்டின மாதிரி அது சீட்டு வழியா நேரா மேல ஏறும். எனக்கே இடுப்புல தெரிஞ்சுது.

அம்மிச்சி கதவுக்கு மேல இருக்கிற கைப்பிடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாங்க. ஒரு வார்த்தை பேசலை. மெயின் ரோட்டுல ஏறினதுக்கு அப்புறமும் கையை எடுக்கலை. வீட்டுக்குத் திரும்பி வந்து கட்டில்ல படுக்க வெச்சதும் அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டு, ரொம்பப் பக்குவமாச் சொன்னாங்க: "அடுத்த தடவை நான் டவுன் பஸ்ஸுலயே போயிக்கறேன் சாமி. நீ எதுக்கு லீவு போட்டுக்கிட்டு. பஸ்ஸு மெத்துன்னு போகுது."

முதுகெலும்பு நசுங்கின ஒரு கிழவிக்கு, எங்க ஊர் டவுன் பஸ் மெத்துன்னு தெரியுதுன்னா, நாங்க அந்தக் காரை என்ன பண்ணி வெச்சிருக்கோம்னு பாத்துக்குங்க. அண்ணன் ஒண்ணும் பேசாம வெளிய போயி ஷெட்டுல உட்கார்ந்துக்கிட்டான்.

அன்னைக்குச் சாயங்காலம்தான் நான் இதைப் படிக்க ஆரம்பிச்சேன். ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன் மெக்கானிக்கல் படிக்கிறான், அவனையும் போன்ல பிடிச்சு உயிரை எடுத்தேன். அவன் சொன்ன முதல் வேலை, ஷாக்கோட தண்டுல ஒரு பிளாஸ்டிக் டேக்கை இறுக்கிக் கட்டு, வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டு, அப்புறம் பாருன்னான். ஷாக் எவ்வளவு தூரம் அமுங்குதோ அவ்வளவு தூரம் அந்த டேக் நகர்ந்து போய் நின்னுடும். பத்து பைசா செலவு இல்லாத கருவி. கட்டி, அம்மாவை முன் சீட்ல உட்கார வெச்சு ஒரே ஒரு வேகத்தடை ஏறி இறங்கிட்டு வந்து பார்த்தோம். டேக் மேல இருக்கிற ரப்பர்ல போய் முட்டி, அதுக்குள்ள பதிஞ்சே போயிருந்துச்சு.

அந்த ரப்பருக்குப் பேரு பம்ப் ஸ்டாப். ஷாக் முழுசா அமுங்கி இரும்பும் இரும்பும் மோதாம இருக்க வெச்சிருக்கிற கடைசிக் காவல்காரன். அதைத் தொட்டுட்டா அதுக்கப்புறம் உங்க ஸ்பிரிங் எவ்வளவு மென்மையானதா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல, வண்டி அந்த ரப்பர் மேலதான் நிக்குது. நாங்க இறக்குறதுக்கு முன்னாடி, வண்டி சும்மா நிக்கும்போது அந்த ரப்பருக்கும் ஷாக் உடம்புக்கும் நடுவுல 55 மில்லிமீட்டர் இடம் இருந்திருக்கு.

இதை நான் எனக்குத் தெரிஞ்ச பாஷையில எழுதிப் பார்த்தேன். ஓப்பனிங் பேலன்ஸ் 55. காலரை இறக்கினது, 35 பற்று. அண்ணனும் அம்மிச்சியும் நாங்களும் ஏறினதுல முன்பக்கம் அமுங்கினது தோராயமா ஒரு 6. குளோசிங் பேலன்ஸ் 14. ஒன்றரை சென்டிமீட்டர் கூட இல்ல. அதை வெச்சுக்கிட்டு ஆறு வேகத்தடை ஏறப் போயிருக்கோம். திவால் ஆகாம என்ன ஆகும்?

இங்கதான் அந்த அடிப் பிராக்கெட் வருது. மேல காலரை இறக்கினா, வண்டி எவ்வளவு இறங்குதோ அவ்வளவும் ஷாக்கோட பயணத்துல இருந்து கழியுது. அடிப் பிராக்கெட்டைச் சுத்தினா ஷாக்கோட மொத்த நீளம்தான் மாறுது, உள்ள இருக்கிற பயணம் அப்படியே இருக்கும். (அதுக்குன்னு அடியில எவ்வளவு வேணா சுத்தலாம்னு அர்த்தம் இல்ல, அப்ப டயர் போய் ஃபெண்டர்ல உரசும்.) "ரெண்டும் ஒண்ணுதான்"னு ராத்திரி பதினொரு மணிக்கு எடுத்த முடிவுதான் அம்மிச்சி முதுகுல போய் விழுந்திருக்கு. இன்னொரு கூத்தும் நடந்திருக்கு. ஜாக்கி போட்டு வீலைத் தூக்கினா ஸ்பிரிங் காலர் மேல உட்காராம லொட லொடன்னு ஆடுது. பள்ளத்துல வீல் தொங்கும்போதெல்லாம் ஸ்பிரிங் அப்படித்தான் இடத்தை விட்டு எழும்பி, திரும்ப உட்கார்ந்திருக்கு. கோணலா உட்கார்ந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிக்க எனக்கு இஷ்டம் இல்ல.

காலரைப் பத்தி நிறைய பேர் நம்புற ஒரு விஷயத்தையும் சொல்லிடறேன். காலரை மேல ஏத்தினா ஸ்பிரிங் இறுகி வண்டி கெட்டியாகும், இறக்கினா மெத்துன்னு ஆகும்னு சொல்லுவாங்க. சாதாரண ஒரே சீரான ஸ்பிரிங்ல அது கிடையாது. மில்லிமீட்டருக்கு 5 கிலோ ஸ்பிரிங்னா, அதை ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுக்கவும் 5 கிலோ வேணும். வண்டியோட எடை மேல இருக்கிற வரைக்கும் காலரை எங்க வெச்சாலும் அந்த 5 மாறாது. வண்டி ஏறும் இறங்கும், அவ்வளவுதான். இறக்கின வண்டி கெட்டியாத் தெரியுதுன்னா பாதி நேரம் அது ரப்பர்ல முட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அதைப் போய் "ஸ்போர்ட்டி ஃபீல்"னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம். அவ்வ்வ்.

சரி, குலுங்கட்டும், ஹேண்ட்லிங் நல்லா இருக்குமேன்னு ஒரு கட்சி இருக்கு. அண்ணன் அந்தக் கட்சியோட வட்டச் செயலாளர். எடை தரையோட ஒட்டி இருந்தா வண்டி கம்மியா சாயும், இதுல தப்பு இல்ல. ஆனா ஸ்விஃப்ட் மாதிரி முன்னாடி ஒரு லோயர் ஆர்ம், ஒரு ஸ்ட்ரட்னு இருக்கிற வண்டிகள்ல ஒரு சூட்சுமம் இருக்கு. கம்பெனி உயரத்துல அந்த ஆர்ம் வீல் பக்கமா கொஞ்சம் கீழே சரிஞ்சிருக்கும். வண்டியை இறக்க இறக்க அது படுத்து, அப்புறம் வீல் பக்கமா மேல தூக்க ஆரம்பிச்சுடும். வண்டி திரும்பும்போது உடம்பு எந்தப் புள்ளியைச் சுத்தி சாயுதோ அது அந்த ஆர்மோட கோணத்தைப் பொறுத்தது. ஆர்ம் சாயச் சாய அந்தப் புள்ளி வண்டியை விட வேகமாக் கீழே போயிடுது. எடை இருக்கிற இடத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் வண்டியைச் சாய்க்கிற நெம்புகோல். அடிபம்பு கைப்பிடி நீளமா இருந்தா சுலபமா அமுங்குமில்லையா, அதே கணக்கு. எடையை அஞ்சு சென்டிமீட்டர் இறக்கி, அந்தப் புள்ளியை அதைவிட அதிகமா இறக்கினா கைப்பிடி நீளமாகுது. ஒரு அளவுக்கு மேல இறக்கினா வண்டி சாயறதுக்கு இன்னும் வசதிதான் பண்ணிக் குடுக்கறோம். கெட்டி ஸ்பிரிங் அதை மறைச்சுடும், அதனால யாருக்கும் தெரியறதில்லை. ரேஸுக்குத் தயார் பண்றவங்க இதுக்குன்னே பால் ஜாயிண்டை நீளமானதா மாத்துவாங்க. நாங்க மாத்தினது வண்டியில ஒட்டின ஸ்டிக்கரை.

டயரும் சாட்சி சொல்லுச்சு. உயரம் மாறினா வீலோட கோணம் ரெண்டு விதத்துல மாறும், மேல் பக்கம் உள்ள சாயும், முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பும். அதனால உயரத்தைத் தொட்டா வீல் அலைன்மெண்ட் கட்டாயம். நாங்க பண்ணலை. அஞ்சே வாரத்துல முன் டயர் ரெண்டுலயும் உள்பக்க விளிம்பு மொழுக்குன்னு ஆயிடுச்சு. ஹெட்லைட் வெளிச்சமும் முன்ன விட கிட்டத்துலயே விழுந்திருக்கு, அதையும் நாங்க கவனிக்கலை.

அண்ணனோட அடுத்த வாதம் எனக்குப் பிடிச்ச வாதம். "ரோட்டைத் திருத்தச் சொல்லு, என் வண்டியை ஏன் திருத்தச் சொல்ற?" இதுல நியாயம் இருக்கு, இருக்குன்னு கணக்கே போட்டுப் பார்த்தேன். வேகத்தடை எப்படி இருக்கணும்னு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-லயே ஒரு விதி எழுதி வெச்சிருக்கு, ஐ.ஆர்.சி. 99ன்னு பேரு. வட்டமான முதுகு, 17 மீட்டர் ஆரம், 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டர்ல ஏறி இறங்கிப் போகணும்னு கணக்கு. இப்ப ஸ்விஃப்ட்டோட ரெண்டு வீலுக்கும் நடுவுல இருக்கிற தூரம் 2.43 மீட்டர். அதாவது அந்த வேகத்தடை மேல நாலு வீலும் ஒரே நேரத்துல நிக்கலாம். அப்படி நின்னா ரெண்டு வீலுக்கு நடுவுல தடை எவ்வளவு புடைச்சிருக்கும்னு பள்ளிக்கூட ஜியோமெட்ரியில போட்டா, 43 மில்லிமீட்டர்தான் வருது. கம்பெனி கிரவுண்ட் கிளியரன்ஸ் 170. எங்க திருவிளையாடலுக்கு அப்புறம் 115. ஆள் ஏறினா நூறு சொச்சம். அப்பவும் வயிறு தட்டாது. பத்து சென்டிமீட்டர் உயரத் தடையில, பத்து சென்டிமீட்டரை ஒட்டித் தொங்கற வண்டி தாராளமாப் போகலாம். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, மூணு தடவை திரும்பப் போட்டேன்.

எங்க ஊர் ஆறு தடையையும் டேப் எடுத்துட்டுப் போய் அளந்தேன் (டீக்கடையில எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை தனிப் பதிவு). ஒண்ணு 14 சென்டிமீட்டர் உயரம், அகலம் வெறும் 60. இது தடை இல்ல, திண்ணை. 60 சென்டிமீட்டர் அகலத்துல ரெண்டு வீலும் ஒண்ணா ஏற வழியே இல்ல, அந்த 14-ம் அப்படியே வயித்துக்கு நேரா வரும். ஏறும்போது வீலுக்கு ஒரு குத்து, இறங்கும்போது இன்னொரு குத்து. மீதி அஞ்சும் இதோட தம்பிங்க. ஒண்ணுல கூட வெள்ளைக் கோடு இல்ல. ஆக அண்ணன் சொல்றது சரி. ரோடு சரியில்லை. மனு எழுதிக் குடுத்திருக்கேன், நடக்கும்போது நடக்கட்டும். ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒரு திங்கக்கிழமை வருதே, அதை யார் தள்ளி வைக்கிறது? ரோட்டை மாத்த ஒரு வருஷமோ பத்து வருஷமோ ஆகும். காலரை மாத்த ஒரு சாயங்காலம்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிடறேன், யாரும் பேசறதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல பிரிவு 52, கம்பெனி குடுத்த அடிப்படை அம்சம் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் கேரளாவுல இருந்து வந்த ஒரு வழக்குல இதை உறுதிப்படுத்துச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவு சேர்ந்துச்சு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். காயில்ஓவர் அதுல வருமா வராதான்னு நடு ரோட்டுல வாதாட உங்களுக்குத் தெம்பு இருந்தா வாதாடுங்க. நான் இதை வெச்சு அண்ணனை மிரட்டலை. அம்மிச்சி சொன்னதுக்கு மேல ஒரு பிரிவும் வேண்டியிருக்கலை.

ஆனாலும் சண்டை நடந்துச்சு. ஏத்திடலாம்ணான்னு நான் சொன்னதும் அவனுக்கு வந்துச்சே கோபம். "32,000 போட்டு வாங்கினது கம்பெனி உயரத்துல ஓட்டறதுக்கா? அதுக்கு நான் பழைய ஷாக்கையே வெச்சிருக்கலாமே?" காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்புல நான் தூங்காம இருந்த ஒரே நாள் நடத்தின பாடம் சங்க் காஸ்ட். போட்ட காசு போட்டதுதான், அது இனிமே வண்டி எந்த உயரத்துல இருந்தாலும் திரும்ப வராது, அதனால அடுத்த முடிவை எடுக்கும்போது அதைக் கணக்குல சேர்க்கக் கூடாது. இதை நான் விளக்கினப்போ அவன் மூஞ்சியைப் பார்த்திருக்கணும். "நீ பி.காம் படிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் செத்துருவேன்டா"ன்னான்.

அப்புறம் நிதானமா ஒண்ணு சொன்னான், அதுக்குத்தான் எனக்கு இன்னும் நேரான பதில் இல்ல. "உனக்குத் தெரியாதுடா. திருப்பூர்ல நான் நாள் பூரா அடுத்தவன் சொன்னதைச் செய்யறேன். இது ஒண்ணுதான் என் இஷ்டத்துக்கு இருக்குது." நான் அழகைக் கிண்டல் பண்ணலை. பூனை மாதிரி பதுங்கின அந்த வண்டி என் கண்ணுக்கும் இன்னும் நிக்குது. அழகுக்காக இறக்கினேன்னு சொல்ற ஆளோட எனக்குச் சண்டையே இல்ல. அழகுக்காக இறக்கிட்டு, ஹேண்ட்லிங்கு, ஸ்டெபிலிட்டின்னு பேர் வெக்கிறதுதான் எரிச்சல். அழகுன்னு ஒத்துக்கிட்டா அடுத்த கேள்வி தானா வரும்: அந்த அழகுக்கு யார் முதுகு காசு குடுக்குது? தனியா ஓட்டற வண்டின்னா உங்க முதுகு, உங்க இஷ்டம். பக்கத்து சீட்டுல ஆள் ஏறுறாங்கன்னா அவங்களையும் ஒரு வார்த்தை கேக்கணுமா இல்லையா?

இறக்குறதே தப்புன்னு சொல்றவங்களோடயும் நான் சேரலை. எங்க வீட்டுல இருந்து கொஞ்ச தூரத்துல செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. ஃபார்முலா மாருதி ரேஸ் காரையெல்லாம் உருவாக்கின நம்ம கோயமுத்தூர்க்காரர் கரிவர்தன் பேர்ல இருக்கிற டிராக், 2.1 கிலோமீட்டர். அங்க திண்ணை வேகத்தடை கிடையாது, குழி கிடையாது, அம்மிச்சியும் கிடையாது. அந்தத் தரையில ரெண்டு மூணு சென்டிமீட்டர் இறக்கி, ஷாக் பயணத்தை மிச்சம் வெச்சு, அலைன்மெண்ட் பார்த்து ஓட்டினா அதுதான் அந்த மரையை வெட்டினவனுக்குக் குடுக்கிற மரியாதை. காயில்ஓவரோட பெருமையே தரைக்குத் தக்கபடி உயரத்தை மாத்திக்கலாங்கிறதுதான். அதை வாங்கி, ஒரே தடவை அடி வரைக்கும் இறக்கி, துருப்பிடிக்க விடறதுக்கு 32,000 எதுக்கு? அறுத்த ஸ்பிரிங்கே போதுமே. (அறுத்துடாதீங்க. அது இதை விட மோசம்.)

அடுத்த சனிக்கிழமை அண்ணன் தானாவே வந்தான். நான் எதுவும் கேக்கலை. முந்தின ராத்திரியே மரையில டீசலை ஊத்தி ஊற வெச்சிருந்தேன், காலையில கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சதும் அடைச்சிருந்த செம்மண்ணெல்லாம் உதிர்ந்து வந்துச்சு. அடிப் பூட்டு வளையம் ஒரு உதையில கழண்டுடுச்சு. இதை முதல் தடவையே பண்ணியிருந்தா இந்தக் கதையே இல்ல. மேல காலரைப் பழைய இடத்துக்கு ஏத்தி ஸ்பிரிங் ஆடாம உட்கார வெச்சோம், 55 திரும்ப வந்துச்சு. அடிப் பிராக்கெட்டை மட்டும் அஞ்சு மில்லிமீட்டர் நீட்டினோம். பின்பக்க அட்ஜஸ்டரையும் அதுக்குத் தோதா ஏத்திட்டோம். உடனே அளந்தா தப்பா வரும், டயர் தரையைப் பிடிச்சுக்கிட்டு வண்டியை மேலயே வெச்சிருக்கும். அதனால தெருவுல ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து, சமதளத்துல நிறுத்தி அளந்தோம். இடது முன்பக்கம் 360, வலது 356. நாலு கால் முக்காலி மாதிரிதான் இதுவும், ஒரு மூலையைத் தூக்கினா குறுக்கே எதிர் மூலைக்கும் பாரம் போகும். அதனால ஒரு மூலையை மட்டும் பார்க்காம நாலையும் திரும்பத் திரும்ப அளந்து, நாலு தடவை ஜாக்கி போட்டு ஒருவழியா 360-க்குக் கொண்டு வந்தோம். அப்படியே போய் அலைன்மெண்ட். அங்க இருந்த அண்ணா டயரைத் தடவிப் பார்த்துட்டு, "ஏனுங்க தம்பி, இத்தனை நாள் இதுலயா ஓட்டுனீங்க?"ன்னார். ரெண்டு பேரும் வேற எங்கயோ பார்த்துக்கிட்டோம்.

திரும்ப டேக் கட்டி, அதே அம்மா, அதே திண்ணை வேகத்தடை. ரப்பரைத் தொட இன்னும் 18 மில்லிமீட்டர் இருக்கும்போதே டேக் நின்னுடுச்சு. அந்த 18-ஐப் பார்த்ததுல எனக்கு வந்த சந்தோஷம், டேலி ஆன பேலன்ஸ் ஷீட்டுல கூட வந்ததில்லை.

போன திங்கக்கிழமை அண்ணன் மறுபடி லீவு போட்டான். அம்மிச்சி முதல்ல பஸ்ஸுன்னுதான் அடம் பிடிச்சாங்க. சமாதானம் பண்ணி உட்கார வெச்சோம். முதல் தடை வரும்போது ரெண்டு கையும் கைப்பிடிக்குப் போயிடுச்சு. மூணாவது தடையில ஒரு கை கீழே வந்துச்சு. மெயின் ரோடு ஏறுறதுக்குள்ள மடியில இருந்த மஞ்சப் பையைப் பிரிச்சு வெத்தலை மடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அண்ணன் கண்ணாடியில என்னைப் பார்த்தான், நான் ஜன்னலைப் பார்த்தேன்.

காலர்லயும் பிராக்கெட்லயும் இப்ப ரெண்டு பெயிண்ட் கோடு இருக்கு. மஞ்சள் கோடு ஊருக்கு. வெள்ளைக் கோடு செட்டிபாளையத்துக்கு, வருஷத்துல ஒரு தடவை, முன்னும் பின்னும் அலைன்மெண்ட் செலவு அவனோடது. இப்படித்தான் ஒப்பந்தம். ஹூக் ஸ்பேனர் மட்டும் எங்க வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால இருக்கு. அடுத்த மாசம் இன்னொரு போட்டோ கூட்டம் இருக்காம். அண்ணன் யாராவது உங்ககிட்ட ஸ்பேனர் எங்கன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லிடுங்க :-)